ஒன்பதாவது தராசு

கம்பைநல்லூர் விவசாயிகள் சங்கத்தில் எடை போடும் செவ்வாய்க்கிழமையன்று வெளியூர்க்காரர் யாராவது வந்து, "பக்கத்து ஊர்த் தராசு சும்மாதானே கிடக்கிறது, அதில் போட்டுவிட்டுப் போங்களேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைய சண்டைக்கு வேறு காரணமே வேண்டாம். வியாபாரிகளின் தராசில் மூட்டைக்கு அடியில் அவர்கள் முழங்கால் முட்டுக் கொடுத்து எடையைக் குறைத்த காலத்தில் நொந்துபோய், ஊருக்கு ஊர் காசு சேர்த்து வாங்கிய மின்னணுத் தராசுகள் அவை. மற்ற நாட்களில் ஊரில் நம்பிக்கையான ஒருவர் வீட்டில் துணி போர்த்திக்கொண்டு இருக்கும். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் சீட்டில் உட்கார்ந்து வரும். மாமியாரை நிற்க வைத்துவிட்டுத் தராசுக்கு சீட்டுப் பிடித்த மருமகனெல்லாம் அந்தப் பக்கத்தில் உண்டு. அவரவர் மூட்டை அவரவர் தராசில்தான் ஏறும். இதை மூடத்தனம் என்று நினைப்பவர்கள், எடையில் ஒருமுறையாவது ஏமாந்து பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

சங்கத்தில் கணினி பார்க்கிற ஜோஸ்பின் இந்தப் பிடிவாதத்தை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவளும் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா சின்னப்பராஜ் மரவள்ளி போட்டவர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது, மழை வருமா என்று ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர். மகள் வானத்தைப் பார்க்க மாட்டாள், மைக் செட்டைப் பார்ப்பாள். ஒரு திருவிழாவுக்கு முந்தின நாள் அதைத் திறந்து பார்த்தே விட்டாள். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த மைக் செட் அதோடு வாயை மூடிக்கொண்டது. திருவிழாப் பிரசங்கம் முழுவதையும் சாமியார் தொண்டை கிழியக் கத்தி முடித்தார். "இவளை எதையாவது ஒழுங்காகப் படிக்க வையுங்கள், இல்லாவிட்டால் கோயிலில் ஒரு பொருள் மிஞ்சாது" என்று அவர்தான் சின்னப்பராஜிடம் சொன்னார். கல்லூரியில் கணினி அறிவியல் படித்தாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்தாள். யார் எழுதியதோ, யாருக்குப் போகிறதோ தெரியாத மென்பொருளில் பிழை தேடுகிற வேலை. சம்பளம் வந்தது, அலுப்பும் வந்தது. சங்கத்து லாரி ஓட்டும் ஃபிராங்க்ளினைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியபோது, "படிச்சுட்டு மூட்டைக்கு நடுவுல உக்காரப் போறாளாம்" என்று சொந்தக்காரர்கள் வாயில் அரைபட்டாள். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

சங்கத்து முற்றம் நீளமானது. வேப்பமரத்தடி ஓர் ஊருக்கு, தண்ணீர்த் தொட்டி ஓரம் ஓர் ஊருக்கு என்று சங்கத்தின் எட்டு ஊர்களும் எட்டு இடம் பிடித்துவைத்திருந்தன. கணினி இருந்தது அலுவலக அறையில். தராசிலிருந்து கணினிக்குப் போகிற யூ.எஸ்.பி. வயர் அத்தனை தூரம் எட்டாது. எடையை ஒருவர் கத்திச் சொல்ல, இன்னொருவர் தட்டச்சு செய்ய, நடுவில் ஒரு லாரி ஹாரன் அடித்தால் எழுபது அறுபதாகிவிடும். ஜோஸ்பின் வந்ததும் ஒவ்வொரு தராசுக்கும் உள்ளங்கை அளவு சின்னக் கணினி ஒன்றைக் கொடுத்தாள். தராசின் வயர் அதில் செருகிக்கொள்ளும். அது கம்பியில்லாமல் அலுவலகக் கணினியோடு பேசும். அலுவலகக் கணினியின் முதுகில் உண்மையில் ஒரு தராசும் செருகியிருக்காது. ஆனால் அதன் உள்ளே கெர்னல் என்று ஒன்று இருக்கிறதே, திரையில் தெரிகிற எல்லாவற்றுக்கும் அடியில் இருந்துகொண்டு எல்லாக் கருவிகளையும் கட்டி மேய்ப்பது, அது, இல்லாத சாக்கெட்டுகளை இருப்பதாக வைத்துக்கொண்டு, தராசுகள் அவற்றில் செருகியிருப்பதாகவே நம்பி நடக்கும். மெய்நிகர் சாக்கெட் என்பார்கள் படித்தவர்கள். முற்றத்துச் சுவரில் ஒரு பெரிய டி.வி. மாட்டி, ஊர்ப் பெயரையும் எதிரே எடையையும் ஓடவிட்டாள். ஜனங்கள் அதற்குப் போர்டு என்று பெயர் வைத்தார்கள். தன் ஊர்ப் பெயர் எழுத்தில் மின்னுவதைப் பார்ப்பதற்காகவே சிலர் மூட்டை இல்லாமலும் வந்து போனார்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜோஸ்பின் மலைக்குப் போனாள். சித்தேரி மலையில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து இன்னும் மேலே நடந்தால் மூங்கிப்பள்ளம். நல்ல சாமை விளைகிற ஊர். விளைந்ததை மலையடிவாரத்து வியாபாரி சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வருகிற ஊர். அங்கே பெண்கள் குழுவுக்குத் தலைவி முனியம்மாள். நாற்பத்தைந்து வயசிருக்கும். பேசும்போது எதிராளியின் கண்ணை விட்டுப் பார்வை நகராது.

"எங்க தராசுலதான் போடுவோம்" என்றாள் முனியம்மாள்.

"உங்க தராசுலதாங்கக்கா. உங்க கண்ணு முன்னால. உங்க ஊரு பேரும் போர்டுல வரும்."

"எடையில கை வெச்சா?"

"வெச்சா நான் பொறுப்புங்க."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர்கள் வந்தார்கள். சங்கத்துக்காக வரவில்லை, விலைக்காகவும் முழுசாக வரவில்லை. ஜோஸ்பினுக்கு அது தெரியும்.

ஒன்பதாவது தராசு முற்றத்தில் இறங்கிய முதல் செவ்வாயன்றே சிக்கல் வந்தது. எட்டுத் தராசும் கணினியில் ஏறின. ஒன்பதாவது ஏறவில்லை. காலியான சாக்கெட் இல்லை என்று கணினி சொன்னது. இல்லாத சாக்கெட்டில் என்ன காலி, என்ன நிறைவு என்று உங்களுக்குத் தோன்றலாம். அவளுக்கும் தோன்றியது. தேடிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. கெர்னலைக் கட்டுகிறவர்கள் இத்தனை சாக்கெட் போதும் என்று ஓர் எண்ணை உள்ளே வைத்துக் கட்டிவிடுகிறார்கள். வழக்கமாக அது எட்டு. கட்டும்போது வேறு எண்ணும் சொல்லலாம், தடையில்லை. கட்டி முடித்த பிறகு மாற்ற வேண்டுமென்றால் மொத்தத்தையும் மறுபடி கட்ட வேண்டும்.

வாசலில் ஒன்பது ஊர் ஜனம் மூட்டையோடு நிற்கிறது. கெர்னல் கட்ட எங்கே நேரம்? அவள் குறுக்கு வழி ஒன்று கண்டுபிடித்தாள். எந்தத் தராசு கொஞ்ச நேரம் எடை மாறாமல் சும்மா இருக்கிறதோ, அதை இறக்கிவிட்டு, காத்திருக்கும் தராசை ஏற்றுகிற மாதிரி ஒரு சின்ன நிரல். இறங்கியது மறுபடி எடை காட்டினால் அடுத்து சும்மா இருப்பது இறங்கும். யாருக்கும் தெரியவில்லை. சில வாரம் அருமையாக ஓடியது. தன் கெட்டிக்காரத்தனத்தை ஃபிராங்க்ளினிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "பஸ்ல ஒருத்தரு பீடி குடிக்க எறங்கினா அவரு சீட்டுல இன்னொருத்தர உக்கார வெக்கிற, அதானே?" என்றான் அவன். "திரும்பி வந்து சண்டை போட மாட்டாங்களா?" என்றும் கேட்டான். அவள் அதைக் கவனிக்கவில்லை.

புதுச் சாமை வந்த செவ்வாயன்று மூங்கிப்பள்ளத்துக்காரர்கள் குளித்து, வெளுத்த துணி உடுத்தி வந்திருந்தார்கள். அவர்கள் ஊரில் ஒரு வழக்கம். புதுத் தானியத்தின் முதல் மூட்டையைத் தராசில் வைத்ததும் அதன் முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். அது தானாக எரிந்து அணைகிற வரைக்கும் மூட்டையை யாரும் தொடக் கூடாது. அந்த முதல் எடைதான் சாமிக்குச் சொல்கிற கணக்கு. முனியம்மாள் கட்டி கட்டியாக, தாராளமாகவே கற்பூரம் வைத்தாள். மூட்டை அசையவில்லை. எடை மாறவில்லை. ஜனம் கைகூப்பி நின்றது. அலுவலக அறையில் ஜோஸ்பினின் நிரல் பார்த்தது. சும்மா இருக்கிற தராசு ஒன்று கிடைத்துவிட்டது என்று முடிவுகட்டியது. கற்பூரம் பாதி எரியும்போது போர்டில் மூங்கிப்பள்ளம் என்ற பெயர் மறைந்து, அந்த இடத்தில் புளியங்கொட்டாய் வந்து உட்கார்ந்தது.

முற்றமே பார்த்தது. அதுவும் புளியங்கொட்டாய், சங்கத் தலைவர் நஞ்சப்பனின் ஊர். கேட்க வேண்டுமா?

முனியம்மாள் சத்தம் போடவில்லை. கற்பூரம் அணைகிற வரைக்கும் கைகூப்பியபடியே நின்றாள். பிறகு தராசைத் துணியில் சுற்றினாள். அலுவலக வாசலுக்கு வந்து ஜோஸ்பினைப் பார்த்தாள்.

"சாமி கணக்குப் பாக்கற நேரத்துல எங்க பேர எடுத்துட்டியே, கண்ணு" என்றாள். அவ்வளவுதான். பிரிக்காத மூட்டைகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு மொத்த ஊரும் போய்விட்டது. ஜோஸ்பினுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளவும் இல்லை, அலுவலக நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். பொறுப்பு என்று சொன்னவள் அவள்தானே.

நஞ்சப்பன் கெட்டவரில்லை. தலைவருக்கு உரிய அவசரம் கொண்டவர். "ஏம்மா, இதுக்குப் போயி கண்ணு கலங்கறியே" என்றார். "எட்டு ஊருல கல்லுக்கொட்டாய்க்காரங்க கொண்டாறது நாலே மூட்டை. அவங்கள மத்தியானமா வரச் சொல்லிட்டு அந்த எடத்த மலைக்காரங்களுக்கே நெரந்தரமாக் குடுத்துரு. தீந்தது பாரு."

அதுவே நல்ல வழியாகத் தோன்றியது. அடுத்த நாளே ஃபிராங்க்ளினையும் அழைத்துக்கொண்டு மலைக்கு பஸ் ஏறினாள். மூங்கிப்பள்ளத்தில் முனியம்மாள் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், மோர் கொடுத்தாள், முகத்தை மட்டும் கொடுக்கவில்லை. ஜோஸ்பின் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். எட்டு இடம்தான் இருந்தது, ஒன்பதாவதாக உங்களைக் கூப்பிட்டது நான், ஒளித்து மறைத்துச் சமாளித்ததும் நான். இனிமேல் உங்கள் பெயர் அசையாது, கல்லுக்கொட்டாய் மத்தியானம் வரும்.

முனியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவங்க கிட்ட கேட்டியா?"

"இன்னும் இல்லீங்கக்கா."

"எங்கள எறக்கி வுட்ட மாதிரி அவங்கள எறக்கி வுட்டுட்டு எங்கள ஏத்தறேங்கற. அந்த எடத்துல எங்க சாமி எடை நிக்குமா? நாலு மூட்டக்காரன்னா அவனுக்குப் பேரு இல்லியா?" அப்போதுதான் அன்றைக்கு முதல்முறையாக ஜோஸ்பினின் கண்ணைப் பார்த்தாள். "அல்லாருக்கும் எடம் இருந்தா ஆளு அனுப்பு. வர்றோம். இல்லீன்னா எங்க வழிய நாங்க பாத்துக்கறோம்."

பஸ்ஸில் மலை இறங்கும்போது ஜோஸ்பினுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக வேறொன்றும் இருந்தது. இப்படி ஓர் ஊரைத்தான் நான் கூப்பிட்டிருக்கிறேன் என்கிற பெருமை. "அவங்க கேக்கறது ஞாயந்தான ஜோசு" என்றான் ஃபிராங்க்ளின். "ஞாயந்தாங்க. அதான் பயமா இருக்குது" என்றாள்.

மறுநாள் காலையிலிருந்து கெர்னலைக் கட்ட உட்கார்ந்தாள். சங்கத்துக் கணினியில் ஓடுகிற இயங்குதளத்தின் நிரல் மொத்தமும் உலகத்துக்குத் திறந்து கிடக்கிறது. யாரும் படிக்கலாம், மாற்றலாம், கட்டிக்கொள்ளலாம். அவளுக்கு வெறி. ஒன்பது கேட்டால் முப்பது கொடுக்கிறேன் என்று பெரிய எண்ணாகப் போட்டுக் கட்டினாள். பாதி நாள் ஓடிக் கட்டி முடித்த கெர்னல், கடைசியில் ஒரு சாக்கெட்டையும் தராமல் நின்றது. வேகமான வகை யூ.எஸ்.பி.யில், இந்த மெய்நிகர் சாக்கெட்டுகளைத் தொகுத்து வைக்கிற இணைப்புப் பெட்டி ஒன்றுக்குப் பதினைந்து சாக்கெட்டுக்கு மேல் கிடையாது. அந்த விதியை மீறினால் எட்டும் போச்சு. "முப்பது ஊருக்குச் சோறாக்கறேன்னு அடுப்பையே அணைச்சுட்டியாக்கும்" என்றான் ஃபிராங்க்ளின். அவள் பக்கத்தில் இருந்த டம்ளரைத் தூக்கிக் காட்டினாள், அவன் லாரிக்குப் போய்விட்டான். பிறகு பதினைந்து என்று போட்டுக் கட்டினாள். நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். ஆனால் சங்கத்துக் கணினி அவ்வப்போது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அப்போது புதுக் கெர்னல் வந்து உட்காரும், எண் மறுபடி எட்டாகிவிடும். அன்றைக்கு அவள் காய்ச்சலில் படுத்திருந்தால்? மறுபடி ஒன்பதாவது ஊர் வாசலில் நிற்கும். எண் கெர்னலுக்குள் புதைந்திருக்கும் வரை வாக்கு வாக்காகாது. கெர்னலைக் கட்டும்போது சொல்கிற அந்த எண்ணை, அதன் அந்தப் பகுதியைக் கணினியில் ஏற்றும்போது சொல்கிற மாதிரி மாற்ற வேண்டும். ஒரு வரி எழுதினால் எத்தனை சாக்கெட் வேண்டுமோ அத்தனை, எத்தனை இணைப்புப் பெட்டி வேண்டுமோ அத்தனை என்று ஆக வேண்டும். அதைத் தன் கணினியில் மட்டும் செய்தால் போதாது. எல்லோருக்குமான மூல நிரலிலேயே செய்துவிட வேண்டும். இதற்கு ஒற்றைக்காலில் நின்றாள்.

திருத்தத்தை எழுதினாள். அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினாள். ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒருவர் பதில் போட்டார். அவருக்கு இவளைத் தெரியாது, இவளுக்கும் அவரைத் தெரியாது. எட்டுக்கு மேல் யாருக்குத் தேவைப்படும், காரணம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். எங்கள் சங்கத்தில் ஒன்பது ஊர்கள் இருக்கின்றன, ஊருக்கு ஒரு தராசு என்று எழுதினாள். ஒரே தராசைப் பகிர்ந்துகொள்ளலாமே என்று அவர் திருப்பிக் கேட்டார். பாவம், கம்பைநல்லூர் முற்றத்தில் நின்று கேட்டிருந்தால் முழுசாகத் திரும்பியிருக்க மாட்டார். ஜோஸ்பின் சிரித்து முடித்துவிட்டுப் பொறுமையாக எழுதினாள்: ஏமாற்றப்பட்டவர்கள் தங்கள் தராசை மட்டுமே நம்புகிறார்கள். அவர்கள் நம்புவதற்கு ஏற்றபடி கணினிதான் மாற வேண்டும், அவர்கள் மாறத் தேவையில்லை.

அதற்கு மறுப்பு வரவில்லை. ஆனால் அந்த மனிதர் நிரலில் ஓர் ஓட்டையை விரல் வைத்துக் காட்டினார். யாராவது பூஜ்யம் என்று கொடுத்தால்? நூறு என்று கொடுத்தால்? முப்பது போட்டு மூக்குடைபட்ட அதே ஜோஸ்பின், மற்றவர்கள் அப்படிப் போடாமல் தடுக்க மறந்திருந்தாள். தலையில் அடித்துக்கொண்டு திருத்தினாள். இன்னொரு முறை, எழுதிய விதம் சரியில்லை என்று திரும்பி வந்தது. அதையும் திருத்தினாள். தவறைச் சொன்னவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு அக்கறையோடு தன் வேலையை யாரும் ஓசூரில் படித்ததில்லை என்று ஃபிராங்க்ளினிடம் சொன்னாள். கடைசியில், ஏற்றுக்கொண்டோம், நன்றி என்று இரண்டு வார்த்தை வந்தது. மாற்றத்தின் வரலாற்றில் அவள் பெயர் ஏறியது. காரணம் என்கிற இடத்தில், ஊருக்கு ஒரு தராசு வைத்திருக்கும் விவசாயிகளுக்காக என்று அவள் எழுதிய வரியும் அப்படியே ஏறியது. சின்னப்பராஜ் அதைச் செல்போனில் உற்றுப் பார்த்தார். இங்கிலீஷ் தெரியாது. மகள் பெயர் எது என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த வாரம் அவர் வழியில் எதிர்ப்பட்ட ஒருவரையும் சும்மா விடவில்லை.

சங்கத்துக் கணினியில் புதிய கெர்னல் ஓடியது. எல்லோருக்கும் இடம் இருக்கிறது என்று மலை பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து அதே கண்டக்டர் பதில் கொண்டுவந்தார். "வர்றாங்களாம். அவங்க மட்டும் இல்ல, பக்கத்துல இன்னும் ஆறு ஊரு அவங்கவங்க குழுத் தராச எடுத்துக்கிட்டு வருதாம். லாரி கேக்கறாங்க." ஜோஸ்பின் விரல்விட்டுப் பார்த்தாள். எட்டு, ஒன்று, ஆறு. சரியாகப் பதினைந்து. அவளுக்கு நிலைகொள்ளவில்லை. அன்றைக்கே தர்மபுரிக்குப் போய்ச் சின்னக் கணினிகள் வாங்கிவந்தாள், பழுதானால் மாற்ற ஒன்று சேர்த்து.

செவ்வாய்க்கிழமை ஃபிராங்க்ளின் லாரியை முற்றத்துக்குள் விடும்போதே ஹாரனை விடாமல் அடித்தான். முன்னால் முனியம்மாள், அவள் மடியில் தராசின் தலைப்பகுதி. பின்னால் மூட்டைக்கு மேல் ஜனம். "என்னம்மா இது, தராசுக் கடையே எறங்குது!" என்றார் நஞ்சப்பன். சொல்லிவிட்டு ஓடிப்போய் மூட்டை இறக்கக் கை கொடுத்தவரும் அவர்தான். போர்டில் பதினைந்து பெயர்கள் ஏறின. மூங்கிப்பள்ளத்துத் தராசில் முதல் மூட்டை ஏறியது, கற்பூரம் எரிந்தது, நின்று நிதானமாக எரிந்து அணைந்தது. பெயர் அசையவில்லை. ஜோஸ்பின் அறை ஜன்னலில் நின்று அதைப் பார்த்தாள்.

அணைந்த பிறகுதான் லாரியின் கடைசி மூலையிலிருந்து ஒருத்தி இறங்கினாள். இடுப்பில் குழந்தை, கூட வந்த ஆளின் தலையில் ஒரே ஒரு மூட்டை, கையில் ஒரு தராசு. குருவிப்பாறை என்று ஓர் ஊர். வழியில் லாரியை நிறுத்தி ஏறிக்கொண்டார்களாம். யாரும் சொல்லி அனுப்பாத பதினாறாவது ஊர்.

ஜோஸ்பின் கையிலிருந்த கடைசிச் சின்னக் கணினியைக் கொடுத்தாள். சாக்கெட் இல்லை. ஒரு பெட்டிக்குப் பதினைந்துக்கு மேல் கிடையாது, இரண்டாவது பெட்டி வேண்டும். அதற்கு அவள் எழுதிய திருத்தத்திலேயே வழி இருந்தது, ஓர் எண்ணை மாற்றினால் போதும். ஆனால் மாற்றி மறுபடி ஏற்றும்போது ஓடிக்கொண்டிருக்கிற அத்தனை தராசும் ஒரு நொடி இறங்கிவிடும். போர்டு மொத்தமும் வெறுமையாகும். புது ஊர்கள் ஆறும் முதல் நாள் வந்து நிற்கிற முற்றத்தில், மூங்கிப்பள்ளம் திரும்பி வந்த அதே நாளில்.

இன்னொரு வழியும் இருந்தது. பழைய குறுக்கு வழி நிரல் இன்னும் அழிக்கப்படாமல் கிடந்தது. கல்லுக்கொட்டாய்க்காரர்கள் மூட்டையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஒரு தட்டு தட்டினால் போதும், யாரும் பார்க்க மாட்டார்கள். ஜோஸ்பின் அந்த நிரலைத் திறந்தாள். திறந்த வேகத்தில் அழித்தாள். எழுந்து முற்றத்துக்கு வந்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றாள். "குருவிப்பாறைக்கு எடம் பண்ணணும். அதுக்கு எல்லாத் தராசையும் ஒரு தடவ எறக்கி ஏத்தணும். போர்டுல எல்லா ஊரு பேரும் போயிரும். திரும்பி வரும். தராசு பூஜ்யத்துலருந்து ஆரம்பிக்கணும், அதனால அதுவரைக்கும் மூட்டையத் தராசுலருந்து எறக்கி வெக்கணுங்க."

முற்றம் சலசலத்தது. பேர் போகும் என்றால் யாருக்குத்தான் திக்கென்று இருக்காது? புது ஊர்க்காரர்கள் எல்லோரும் முனியம்மாளின் முகத்தைப் பார்த்தார்கள். ஜோஸ்பினும் பார்த்தாள்.

முனியம்மாள் போர்டைப் பார்த்தாள். குழந்தையோடு நின்றவளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தராசில் இருந்த மூட்டையைத் தானே இரண்டு கையாலும் பிடித்துத் தரையில் இறக்கினாள். சாமிக்குச் சொன்ன முதல் எடை இன்னோர் ஊருக்காகத் தராசைவிட்டு இறங்கியது.

"அது திரும்பி வரும்னு அந்தப் புள்ள சொல்லுதில்ல" என்றாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எறக்குங்க."

மலை ஊர்கள் இறக்கின. டீக்கடையிலிருந்து ஓடி வந்து கல்லுக்கொட்டாய் இறக்கியது. நஞ்சப்பன் முணுமுணுத்துக்கொண்டே புளியங்கொட்டாய் மூட்டைக்குத் தோள் கொடுத்தார். ஜோஸ்பின் உள்ளே போய் எண்ணை மாற்றினாள். போர்டு கறுத்தது. அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. மூங்கிப்பள்ளம் வந்தபோது மலைக்காரர்கள் பக்கம் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. ஜோஸ்பின் வாசலுக்கு வந்து நின்றாள். நான் செய்தது என்று வாய்விட்டுச் சொல்லிவிடத் தோன்றியது. ஃபிராங்க்ளினைத் தேடிப் பிடித்து, அவன் காதில் சொல்லியே விட்டாள். "தெரியுமே" என்றான் அவன்.

கடைசியாக, பதினாறாவது வரியில் குருவிப்பாறை வந்தது. எதிரே ஒற்றை மூட்டையின் எடை. குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பக்கத்தில் நின்ற நஞ்சப்பனிடம், "அது எங்க ஊருங்க" என்றாள்.

"ஆமாம்மா" என்றார் நஞ்சப்பன். "உங்க ஊருதான்."